சரட்டோகாவின் மாடிக் கோப்பிக்கடை

உலகிலே பெயர்பெற்ற இசையரங்குகள் பல உள. அவற்றைக் காணச் செல்வோர் உயர்ந்த தூண்களையும், பொன்முலாம் பூசிய மாடங்களையும், பட்டுத் திரைச்சீலைகளையும் கண்டு வியந்து திரும்புவர். நாம் இங்கே கூறப்புகும் அரங்கத்திலோ தூணுமில்லை, மாடமுமில்லை. அமெரிக்க நாட்டின் ஒரு சிறு நகரத்திலே, ஒரு பக்கவீதியிலே, படியேறிச் செல்லவேண்டிய ஒரு மாடியறை. ஏறக்குறைய நூறு பேர் அமரக்கூடிய இடம். கோப்பிக் கிண்ணங்கள் வைத்த சிறு மேசைகள். தாழ்ந்த ஒரு மேடை. அதன்மேல் ஓர் ஒலிவாங்கி. அவ்வளவே. 'கபே லீனா' என்பது அதன் பெயர்.

ஆயினும் 1960ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அக்கடை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்றுவரை பாட்டை நிறுத்தவில்லை. அமெரிக்காவிலே இடையறாது நடந்துவரும் நாட்டார் இசைக் கோப்பிக்கடைகளுள் இதுவே மிகப் பழையது என்பர். பெரும்புகழ் பெற்றோர் பலர் அங்கே பாடியிருக்கின்றனர். நாம் அங்கே சென்றதோ புகழ்பெற்ற ஒருவரைக் கேட்பதற்கன்று. வாரத்தில் ஒரு மாலை, பெயரெழுதிக் கொடுக்கும் எவரும் மேடையேறலாம் என்று அக்கடையார் இடங்கொடுக்கின்றனர். அங்குள்ளோர் இதனை 'ஓப்பன் மைக்' என்பர். எவருக்கும் திறந்திருக்கும் ஒலிவாங்கி என்பது பொருள். அம்மாலையைக் காணவே சென்றோம்.

நதிக்கரை வழியாக

சரட்டோகா ஸ்பிரிங்ஸ் என்னும் அந்நகரம் நியூயோர்க் மாநகரத்திற்கு வடக்கே ஏறக்குறைய 180 மைல் தூரத்தில் உள்ளது. அங்கு செல்வதற்குப் புகைவண்டியே இனிது. மாநகரின் நெருக்கத்தை விட்டு வண்டி வெளிவந்ததும் ஹட்ஸன் நதி இடக்கைப் புறத்திலே வந்து சேர்ந்துகொள்கின்றது. மாநிலத்தின் தலைநகராகிய அல்பனி வரும்வரை அந்நதியே எமக்கு வழித்துணை. சில இடங்களிலே தண்டவாளம் நீர்விளிம்பையொட்டிச் செல்வதால், யன்னலருகே இருப்பவர் தாம் படகிலே செல்வதாகவே எண்ணக்கூடும். அக்கரையிலே, தூரத்தில், கற்ஸ்கில் மலைகள் நீலம் பூத்து நிற்கும். அல்பனியைக் கடந்தபின் நதியை விட்டு வண்டி வயல்களுக்கும் மரச்சோலைகளுக்கும் ஊடாக வடக்கு நோக்கி ஓடுகின்றது. நான்கு மணிநேர அளவில் சரட்டோகாவை அடைந்துவிடலாம்.

இந்நகரம் மூன்று பொருள்களாற் பெயர் பெற்றது. முதலாவது போர். 1777ஆம் ஆண்டிலே இதற்குச் சில மைல் தூரத்தில் நிகழ்ந்த சரட்டோகாப் போரிலே பிரித்தானியச் சேனையொன்று அமெரிக்கரிடம் சரணடைந்தது. அவ்வெற்றியைக் கண்டே பிரான்சு தேசம் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது என்பது சரித்திரம் கற்கும் மாணவர் அறிந்ததே. இரண்டாவது நீரூற்று. நிலத்தினடியிலிருந்து தானாகவே நுரைத்துப் பொங்கிவரும் தாதுநீர் இங்கே பல இடங்களில் உண்டு. நோய் தீருமென நம்பி, சென்ற நூற்றாண்டுகளிலே செல்வர் பலர் இங்கு வந்து மாதக்கணக்கில் தங்கினர். உப்பும் தாதுக்களும் கலந்த அந்நீரை முதன்முதற் பருகுவோருள் முகம் சுளிக்காதவர் சிலரே. மூன்றாவது குதிரைப் பந்தயம். 1863ஆம் ஆண்டிலே தொடங்கிய அப்பந்தயம் கோடைதோறும் ஊரைச் சனத்தால் நிறைத்துவிடுகின்றது.

இசையைப் பொறுத்தமட்டில் இந்நகரின் சரித்திரத்திலே துயரமான ஏடொன்றும் உண்டு. சொலமன் நோர்தப் என்னும் கறுப்பினத்தவர், எவருக்கும் அடிமையல்லாத சுதந்திர மனிதராக, மனைவி மக்களோடு இங்கே வாழ்ந்தவர். பிடில் வாசிப்பதில் வல்லவர். 1841ஆம் ஆண்டிலே இருவர் அவரை அணுகி, பிடில் வாசித்தால் நல்ல கூலி தருவோம் என்று நயமாகப் பேசி வொஷிங்டன் நகருக்கு அழைத்துச் சென்றனர். அங்கே அவர் அடிமையாக விற்கப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் தென்னாட்டுத் தோட்டங்களிலே துன்புற்று, 1853ஆம் ஆண்டிலே மீண்டுவந்து, தம் வரலாற்றை நூலாக எழுதி உலகறியச் செய்தார்.

இசைக்காரர் ஒருவரை நல்வார்த்தை கூறி அழைத்து வஞ்சித்த அதே ஊரிலே, ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளின் பின், இசைக்காரர் எவர் வரினும் உண்டியும் உறையுளும் அளித்த பெண்மணி ஒருவர் வாழ்ந்தார். அவரே லீனா ஸ்பென்சர்.

லீனா அம்மையார்

1923ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, இத்தாலிய வழிவந்த குடும்பமொன்றிலே பிறந்தவர் லீனா. அவர் கணவர் பில் ஸ்பென்சர் ஒரு சிற்பி. அக்காலத்திலே அமெரிக்காவின் கல்லூரி நகரங்களிலெல்லாம் கோப்பிக்கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அயலிலே 1958ஆம் ஆண்டில் திறந்த 'கிளப் 47' என்னும் கடையிலே ஜோன் பேயஸ் என்னும் பதினேழு வயதுப் பெண் தனிக் கித்தாரோடு பாடிப் பெயரெடுக்கத் தொடங்கினாள். நியூயோர்க்கின் கிரெனிச் வில்லேஜ் பகுதியிலே 'காஸ்லைற்' என்னும் நிலவறைக் கடை இருந்தது. மேல்மாடியிற் குடியிருந்தோர் இரைச்சல் பொறாது முறையிட்டமையால், அங்கே கைதட்டுவதை விடுத்து விரல்களைச் சொடுக்கியே பாராட்டினர் என்று ஒரு கதை வழங்குகின்றது. அயலிலேயே 'கேர்ட்ஸ் போக் சிற்றி' என்னும் இடத்திலே திங்கட்கிழமை இரவுகளில் அறிமுகமற்றோரும் மேடையேற இடமளித்தனர். அவ்விரவுகளுக்கு 'ஹூட்டனானி' என்று பெயர். இன்றைய திறந்த மேடைகளுக்கெல்லாம் அவை மூத்தவை எனலாம்.

இந்த அலையைக் கண்ட ஸ்பென்சர் தம்பதிகள், தாமும் ஒரு கோப்பிக்கடை வைத்துச் சில ஆண்டுகளிற் பொருள் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவிற்குச் சென்றுவிடலாம் எனக் கருதினர். பெண்களுக்கான ஸ்கிட்மோர் கல்லூரி அந்நாளிலே சரட்டோகாவில் இருந்தமையால் இளைஞர் கூட்டத்திற்குக் குறைவிராது என்பது அவர்கள் கணிப்பு. பிலா வீதியிலே பழைய கட்டடமொன்றின் மாடியை வாடகைக்கு எடுத்து, தாமே செப்பனிட்டு, 1960ஆம் ஆண்டு மே மாதத்திலே கடையைத் திறந்தனர். பொஸ்டன் நகரிலிருந்து வந்த ஜாக்கி வொஷிங்டன் என்னும் பாடகர் முதன்முதற் பாடினார்.

எண்ணியது எண்ணியபடி நடக்கவில்லை. பொருளும் சேரவில்லை, இரண்டொரு ஆண்டுகளில் இல்வாழ்வும் முறிந்தது. கணவர் பிரிந்து சென்றார். கடை லீனாவின் கையிலே எஞ்சியது. பலரும் கதவைச் சாத்திவிட்டுப் பிறந்தவூர் திரும்பியிருக்கக்கூடிய வேளை அது. அவர் திரும்பவில்லை. இசைக்கருவி வாசிப்பவரல்லர், பாடகியுமல்லர், கேட்கத் தெரிந்தவர். அவ்வொரு முதலை வைத்தே கடையை நடத்தினார். தூரத்திலிருந்து வந்த பாடகர்களுக்குத் தம் வீட்டிலே படுக்க இடங்கொடுத்தார்; சமைத்தும் போட்டார். அவருடைய பூனைகள் பாடகர்களோடு இடத்திற்குப் போட்டியிட்டன. அவர் காலத்திலே கடையில் மதுவகை விற்கப்படவில்லை. குடித்துக் களித்துப் பேசுவதற்கு ஊரிலே வேறு இடங்கள் பல இருந்தன. இங்கு வருவோர் கேட்பதற்கென்றே வரவேண்டும் என்பது அவர் கொள்கை.

இருபது வயது இளைஞன்

1961ஆம் ஆண்டிலே, பெயரறியாத இளைஞன் ஒருவன் அங்கே பாட வந்தான். இருபது வயது, கலைந்த தலை, கரகரத்த குரல். அவன் பாடியபோது சபையோர் அதனை மதியாது தம்முள் உரையாடிக்கொண்டிருந்தனர் என்றும், பில் ஸ்பென்சர் மேடையேறி அவர்களைக் கண்டித்து அமைதி காக்கச் சொன்னார் என்றும் கூறுவர். அவ்விளைஞனே பொப் டிலன். அடுத்த ஆண்டிலே அவனுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 2016ஆம் ஆண்டிலே இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

இக்கதையிலிருந்து பிழையான பாடத்தைக் கற்றுக்கொள்ளுதல் எளிது. 'இன்று பாடுபவன் நாளை பெரியவனாகலாம். ஆகையால் மரியாதையாகக் கேட்போம்' என்பதே அப்பிழையான பாடம். அஃது இலாபம் நோக்கிய மரியாதை. அவ்வறையிலே ஆயிரக்கணக்கானோர் பாடியிருப்பர். அவருள் நோபல் பரிசு பெற்றவர் ஒருவரே. ஏனையோருள் பெரும்பாலார் பாடிவிட்டு வீடு சென்று மறுநாட்காலையிலே தம் தொழிலுக்குப் போனவர்கள். அவர்களும் அதே அமைதியோடு கேட்கப்பட்டனர் என்பதே அக்கடையின் பெருமை. திறந்த மேடையின் மாலையிலே இதனை நேரிற் காணலாம்.

பெயரெழுதும் ஏடு

மாலை தொடங்குமுன் பாட விரும்புவோர் பெயரெழுதுகின்றனர். எழுதுவோரின் முகங்களைப் பார்த்திருத்தலே ஒரு காட்சி. சிலர் பெயரை எழுதிவிட்டு, 'எனக்கு முன் எத்தனை பேர்?' என்று விரலால் எண்ணுகின்றனர். ஒருவருக்கு இரண்டொரு பாட்டுக்கே நேரம். பாடாதோரும் சிறு தொகையொன்று கொடுத்து உள்ளே அமரலாம். சுவர்களிலே பழைய பாடகர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். புதியவர்கள் அவற்றைக் கண்ணெடுத்துப் பார்ப்பதும், பின் தம் கித்தார்ப் பெட்டியைக் குனிந்து பார்ப்பதுமாக இருக்கின்றனர்.

நாம் சென்றிருந்த மாலையிலே முதலில் ஏறியவர் எழுபது வயது மதிக்கத்தக்க முதியவர். பான்ஜோ வாத்தியத்தோடு பழைய கதைப்பாட்டொன்றைப் பாடினார். கை நடுங்கிற்று, தாளம் நடுங்கவில்லை. அடுத்து, பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன். தந்தையார் கித்தார்ப் பெட்டியைச் சுமந்துவந்தார். விரல்கள் மின்னலென ஓடின; ஆயின் முதலிலிருந்து முடிவுவரை அவன் நிமிர்ந்து சபையைப் பார்த்தானல்லன். அவனுக்குப் பின், கல்லூரி மாணவி ஒருத்தி தான் இயற்றிய பாட்டைத் தொடங்கி, இரண்டாம் அடியிலே சொல் மறந்து நின்றாள். எவரும் சிரிக்கவில்லை, இரக்கத்தோடு கைதட்டி அவளை இறக்கிவிடவுமில்லை. காத்திருந்தனர். அவள் மூச்சை உள்ளிழுத்து, முதலிலிருந்து தொடங்கி, முடிவுவரை பாடினாள்.

நடுவயதினர் ஒருவரின் பாட்டு நன்றாக இருந்ததென்று கூறவியலாது. சுருதி ஒரு வழியும் குரல் ஒரு வழியுமாகச் சென்றன. அவருக்கும் அதே அமைதி கிடைத்தது. முடிவிலே எழுந்த கைதட்டல் அளவானது, பொய்யானதன்று. மாலையை நடத்தியவர் அவரை வானளாவப் புகழவுமில்லை, கிண்டல் செய்யவுமில்லை. பெயரைச் சொல்லி நன்றி கூறி அடுத்தவரை அழைத்தார். அவ்வளவு நேர்மையான வரவேற்பு பெரிய அரங்குகளிலே கிடைப்பதரிது.

வீட்டிலே பயின்றால் போதாதா, இம்மேடை எதற்கு என்று மாணவர் சிலர் கேட்கலாம். வீட்டிலே கற்கமுடியாதவை சில உண்டு. ஒலிவாங்கியோடு வாயை ஒட்டிப் பாடின் கீழ்க்குரல் தடித்து முழங்கும். விலகி நின்றாற் குரல் கித்தாரொலியிலே மறைந்துவிடும். ஒலிபெருக்கியை நோக்கி அதனைத் திருப்பினாற் காதைத் துளைக்கும் கீச்சொலி எழும். பனிக்காலத்திலே வெளிக்குளிரிலிருந்து வெம்மையான அறைக்குள் வந்த கித்தாரின் நரம்புகள் சுருதி பிறழும். வந்தவுடனே சுருதி கூட்டியவன் மேடையிலே மறுபடியும் கூட்டவேண்டி வரும். அவ்வேளை சபையோடு இரண்டு வார்த்தை பேசவும் தெரியவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தனியறையிலே பிழையின்றி வாசித்த விரல்கள் ஐம்பது கண்களுக்கு முன்னே எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது அங்கே சென்றாலன்றித் தெரியாது. அரங்கேற்றம் என்பது பயின்று முடித்தவர் ஏறும் மேடை. இதுவோ பயின்றுகொண்டிருப்பவர் ஏறும் மேடை. முன்னையது தகுதிக்குச் சான்று. பின்னையது தகுதிக்கு வழி. இரண்டும் வேண்டியவையே.

கேட்போர் கடமை

திறந்த மேடைகளை அழிக்கும் நோய் ஒன்றுண்டு. பாட வந்தவர் தம் முறை வரும்வரை சுருதி கூட்டுவதிலும் சொற்களை முணுமுணுப்பதிலும் நேரம் போக்கி, தம் பாட்டு முடிந்தவுடன் பெட்டியைப் பூட்டிக்கொண்டு நண்பர்களோடு புறப்பட்டுவிடுதலே அந்நோய். முதலிற் பாடியவருக்கு நிறைந்த சபை கிடைக்கும். கடைசியிற் பாடுபவருக்கு வெறும் நாற்காலிகளே கிடைக்கும். சில வாரங்களில் கடைசியிற் பாட எவரும் இரார்; சில மாதங்களில் மேடையே இராது. இத்தகைய மேடைகள் பல, பாடுவோர் இன்மையால் அல்ல, கேட்போர் இன்மையாலேயே மறைந்தன.

பழகியோர் இதனை நன்கறிவர். அம்மாலையிலே முதலிற் பாடிய முதியவர் மேடைக்கு எதிர்மேசையிலே கடைசிவரை அமர்ந்திருந்தார். சிறுவனும் தந்தையும்கூட இருந்தனர். இறுதியிலே ஒரு பெண் ஏறியபோது நேரம் பிந்திவிட்டது, கோப்பியும் ஆறிவிட்டது, ஆயினும் அறை வெறிதாகவில்லை. ஒருவருக்கொருவர் செவியைக் கடனாகக் கொடுத்து வாங்கும் கொடுக்கல் வாங்கல் அது. இன்று நீ கேட்டாய், நாளை நான் கேட்பேன் என்ற சொல்லப்படாத ஒப்பந்தத்திலேதான் அம்மேடை நிற்கின்றது. மரமும் ஆணியும் அதற்கு இரண்டாவது தாங்கலே.

நிலைத்த வரலாறு

லீனா அம்மையார் செல்வராகவில்லை. வறுமையோடே முப்பது ஆண்டுகளுக்கு அண்மையாகக் கடையை நடத்தினார். 1989ஆம் ஆண்டிலே, எத்தனையோ பாடகரை ஏற்றிவிட்ட அந்த மாடிப்படிகளிலிருந்தே வீழ்ந்தார். அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்திலே காலமானார்.

அவரோடு கடையும் மறைந்திருக்கலாம். அக்காலத்துக் கடைகளுட் பல அவ்வாறே மறைந்தன. கிளப் 47 1968ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. அதன் வழித்தோன்றலாகிய 'பாசிம்' என்னும் அரங்கு இன்றும் அவ்விடத்தில் நடந்துவருவது ஆறுதல். காஸ்லைற் 1971ஆம் ஆண்டிலும், கேர்ட்ஸ் 1987ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. மின்கித்தாரின் பெருமுழக்கம் இளைஞரைப் பெரிய மைதானங்களுக்கு இழுத்துச் சென்றது. மாநகர வாடகை ஏறிற்று. ஒரு கிண்ணம் கோப்பியோடு மூன்று மணிநேரம் இருக்கும் விருந்தினரால் எந்தக் கடைக்காரரும் பணக்காரராவதில்லை.

சரட்டோகாவிலோ கேட்டுப் பழகியவர்கள் ஒன்றுகூடினர். இலாபங் கருதாத பொதுநிறுவனமாகக் கடையை மாற்றினர். கூலி பெறாத தொண்டர் பலர் கைகொடுக்க, நன்கொடையாலும் நுழைவுப் பணத்தாலும் அது நடக்கலாயிற்று. 2016ஆம் ஆண்டிலே கட்டடம் பெருமளவிற் புதுப்பிக்கப்பட்டது. படியேற இயலாதோருக்காக மின்னுயர்த்தியும் அமைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்றால் உலகெங்கும் அரங்குகள் அடைபட்டபோது, வெறுமையான அறையிலிருந்து பாட்டை இணையவழியே வீடுகளுக்கு அனுப்பினர். லீனா காலத்துப் படங்களும் ஒலிப்பதிவுகளும் கடிதங்களும் திரட்டப்பட்டு, இன்று வொஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலே ஒரு தொகுதியாகப் பேணப்படுகின்றன. பெரிய தேசமொன்றின் நூலகம் ஒரு மாடிக் கோப்பிக்கடையின் காகிதங்களுக்கு இடமளித்திருப்பது சிந்திக்கத்தக்கது.

சரட்டோகாவிற்குச் செல்ல எம் வாசகர் எல்லோருக்கும் வாய்ப்புக் கிட்டும் என்பதற்கில்லை. செல்வோர் குதிரைப் பந்தயக் காலத்தைத் தவிர்த்துச் செல்வாராயின் விடுதிச் செலவு குறையும். ஊரின் இயல்பான முகத்தையும் காணலாம். பகலிலே நீரூற்றையும் போர்க்களத்தையும் பார்த்துவிட்டு, மாலையிலே பிலா வீதிக்கு வருக. பாடத் தெரிந்தவர் பெயரை எழுதுக. தெரியாதவர் நாணவேண்டியதில்லை, லீனா அம்மையாரும் பாடகியல்லர். ஒரு கிண்ணம் கோப்பியை வாங்கிக்கொண்டு, முதற் பாட்டுக்கு முன் அமர்ந்து, கடைசிப் பாட்டுக்குப் பின் எழுந்தால், அம்மேடைக்கு வேண்டிய பாதி வேலையை அவர் செய்தவராவார்.